எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு மொழிக்கே எழுத்து கொடுத்த கதை: யார் இந்த செக்வோயா?

உங்கள் கையில் ஐபோன் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். செட்டிங்ஸுக்குள் போய் கீபோர்டு பட்டியலைத் திறந்தால், அதில் தமிழ் இருக்கும். அதே பட்டியலில் 'செரோக்கி' என்று இன்னொரு மொழியும் இருக்கும். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஓர் இனத்தின் மொழி அது. இன்று அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். சென்னையின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இதைவிட அதிகம் பேர் வசிப்பார்கள்.

இவ்வளவு சின்ன மொழிக்கு 2010-லேயே ஆப்பிள் தன் போனில் இடம் கொடுத்தது எப்படி? அந்த மொழிக்கென்று சொந்தமாக ஓர் எழுத்து முறை இருந்ததுதான் முக்கியமான காரணம். அதை உருவாக்கியது பல்கலைக்கழகமோ, பாதிரியாரோ, அரசரோ இல்லை. கால் ஊனமான, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வெள்ளி வேலைக்காரர். பெயர் செக்வோயா.

தன் மொழியில் எழுத முடியாத ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கும், எழுத முடிந்த பிறகு என்ன நினைக்கும் என்பதற்கு இவர் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அம்மா வழிப் பிள்ளை

செக்வோயா பிறந்தது 1770-களில். சரியான ஆண்டு தெரியாது. பிறப்பைப் பதிவு செய்துவைக்க அப்போது அவர்கள் மொழியில் எழுத்தே இல்லையே! ஊர் டஸ்கீகி. இன்றைய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருந்த ஒரு செரோக்கி கிராமம்.

அம்மா செரோக்கி பெண். அப்பா வெள்ளைக்காரர் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் ஜார்ஜ் கெஸ் என்ற ஆங்கிலப் பெயரும் செக்வோயாவுக்கு உண்டு. ஆனால் அப்பா வீட்டில் தங்கவில்லை. பையன் அம்மாவிடமே வளர்ந்தான்.

செரோக்கி சமூகத்தில் குலம் அம்மா வழியாகத்தான் வரும். அம்மா செரோக்கி என்றால் பிள்ளையும் முழு செரோக்கிதான். 'பாதி வெள்ளைக்காரன்' என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. அவர் அப்பாவின் மொழியைக் கற்கவில்லை. ஆங்கிலம் பேசவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. வாழ்நாள் முழுக்க அம்மாவின் மொழியிலேயே வாழ்ந்தார்.

சின்ன வயதிலேயோ அதற்குப் பிறகோ ஒரு கால் பாதிக்கப்பட்டு நொண்டி நடக்க வேண்டியதாயிற்று. வேட்டைக்கு ஓடியாடித் திரிவது சிரமம் என்பதால், கைத்தொழில் பக்கம் போனார். இரும்பு வேலை, அதன் பிறகு வெள்ளி வேலை. நல்ல வேலைக்காரர் என்று பெயரும் வாங்கினார்.

ஒரு கையெழுத்தில் தொடங்கிய யோசனை

தான் செய்த வெள்ளிப் பொருட்களில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த சார்லஸ் ஹிக்ஸ் என்ற செரோக்கி தலைவர், பெயரை எப்படி எழுதுவது என்று காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தன் கையால் செய்த பொருளில் தன் பெயரைப் போடுவதற்கு இன்னொருவருடைய மொழியின் எழுத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவதைப் பூர்வகுடி மக்கள் வியப்போடு கவனித்தார்கள். காகிதத்துக்குப் 'பேசும் இலைகள்' என்றே ஒரு பெயர் இருந்தது. அது ஏதோ மாந்திரீகம், கடவுள் வெள்ளைக்காரனுக்கு மட்டும் கொடுத்த வரம் என்று நினைத்தவர்கள் உண்டு. செக்வோயா அப்படி நினைக்கவில்லை. மனிதன் போட்ட குறிதானே, நாமும் போடலாமே என்பதுதான் அவர் கணக்கு. 1809 வாக்கில் வேலையைத் தொடங்கினார்.

இடையில் ஒரு போர் வந்தது. 1813-14ல் நடந்த கிரீக் போரில் ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில், அமெரிக்கப் படையின் பக்கம் நின்று செரோக்கி வீரர்களும் சண்டை போட்டார்கள். செக்வோயாவும் அதில் ஒருவர். வெள்ளைச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். வந்த உத்தரவைப் படித்தார்கள். செரோக்கி வீரர்களால் இரண்டும் முடியவில்லை. வீடு திரும்பிய செக்வோயா முன்னைவிடத் தீவிரமாக வேலையில் இறங்கினார். ஜாக்சன் என்ற பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறார்.

முதல் முயற்சி தோல்வி

முதலில் அவர் எடுத்த வழி, ஒரு சொல்லுக்கு ஒரு குறி. மரத்துக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று. குறிகள் ஆயிரக்கணக்கில் போய்விட்டன. வரைந்தவருக்கே ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. செரோக்கி மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்போது செய்தார் எல்லாமே ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடும். ஒரே வினைக்கு எண்ணற்ற வடிவங்கள். அத்தனைக்கும் குறி போட்டு முடியுமா?

இதற்குள் வீட்டில் பிரச்சினை. விவசாயத்தைக் கவனிக்காமல் மரப்பட்டையில் கிறுக்கிக்கொண்டிருக்கும் மனிதரை ஊர் சந்தேகமாகப் பார்த்தது. சூனியம் வைக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. கோபத்தில் அவர் மனைவியே அந்தக் குறிகளையெல்லாம் தீயில் போட்டுவிட்டார் என்று ஒரு கதை செரோக்கி மக்களிடையே இன்றும் உலவுகிறது.

எரிந்ததோ கைவிட்டதோ, பழைய வழி முடிந்தது. அதன் பிறகு அவர் சொற்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒலிகளைக் கேட்க ஆரம்பித்தார். மக்கள் பேசப் பேச, திரும்பத் திரும்ப வரும் ஒலித்துண்டுகளைப் பிரித்துப் பார்த்தார். முழு மொழியும் நூறுக்கும் குறைவான துண்டுகளுக்குள் அடங்குவது அவருக்குப் புரிந்தது.

தமிழருக்குச் சட்டென்று புரியும் எழுத்து முறை

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். நமக்கு ரொம்ப சுலபம். 'க', 'கி', 'கு' என்ற நம் உயிர்மெய் எழுத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து, ஒரு அசை ஒலி. செரோக்கி எழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான். அவர்கள் தங்கள் மொழியை 'ஜலகி' என்பார்கள். எழுதும்போது மூன்றே எழுத்து: ஜ-ல-கி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தமிழில் 'க' தெரிந்து, கொம்பும் காலும் தெரிந்தால் மற்றதை நாமே கட்டிக்கொள்ளலாம். செரோக்கியில் அது முடியாது. 'க' போல 'கி' இருக்காது, 'கி' போல 'கு' இருக்காது. ஒவ்வொன்றும் தனி உருவம். மொத்தம் 86 எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பின்னர் ஒன்று வழக்கொழிந்து 85 ஆனது. நம் 247-ஐ நினைத்தால் அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை.

இன்னொரு வேடிக்கை. இன்று செரோக்கி எழுத்தைப் பார்த்தால் நிறைய எழுத்துகள் ஆங்கிலம் மாதிரியே தெரியும். செக்வோயா கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதிலிருந்த உருவங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றின் ஒலி அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெடவில்லை. அதனால் ஆங்கில 'டி' போலத் தெரியும் எழுத்தை செரோக்கியில் 'அ' என்று படிக்க வேண்டும். 'ஆர்' போலத் தெரிவது 'எ'. 'எச்' போலத் தெரிவது 'மி'. 'எம்' போலத் தெரிவது 'லு'. உருவம் வெளியிலிருந்து வந்தது. ஒலி முழுக்க வீட்டுடையது.

மகள் படித்துக் காட்டியபோது

எழுத்து தயாராகிவிட்டது. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே! பெரியவர்கள் யாரும் கற்றுக்கொள்ள முன்வரவில்லை. அதனால் செக்வோயா தன் சின்ன மகள் அயோகாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்கு அது விளையாட்டாகவே வந்துவிட்டது.

1821-ல் தலைவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை நடந்தது. அப்பாவையும் மகளையும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத தூரத்தில் பிரித்து வைத்தார்கள். ஒருவரிடம் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லி எழுத வைத்து, அந்தக் காகிதத்தை மற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சொன்னது சொன்னபடி வாசிக்கப்பட்டது. பிறகும் சந்தேகம் தீராமல் சில இளைஞர்களைக் கற்க அனுப்பினார்கள். அவர்களும் சில நாட்களிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதற்குமேல் பேச்சே இல்லை.

அதன்பின் அது பரவிய வேகம் வரலாற்றில் அபூர்வம். பள்ளிக்கூடம் கிடையாது, வாத்தியார் சம்பளம் கிடையாது, அச்சுப் புத்தகம் கிடையாது. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தான், அத்தை மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மொழி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு 86 உருவங்கள் மட்டும்தானே பாக்கி! சில வாரங்களில் ஒருவர் கடிதம் எழுதத் தொடங்கிவிடலாம். மேற்கே அர்கன்சாவுக்கு ஏற்கெனவே குடிபெயர்ந்திருந்த செரோக்கிகளுக்கும் கிழக்கே இருந்தவர்களுக்கும் இடையே கடிதங்கள் போய்வர ஆரம்பித்தன. இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தவரே செக்வோயாதான்.

1825-ல் செரோக்கி தேசம் இதைத் தன் அதிகாரபூர்வ எழுத்தாக ஏற்றது. அதற்கு முன்பே செக்வோயாவுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. வெள்ளியில் தன் பெயரைப் பொறிக்க ஆசைப்பட்டவருக்கு, அவருடைய மக்களே வெள்ளியில் நன்றி சொன்னார்கள்.

ரோமன் எழுத்து ஏன் தோற்றது?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜான் பிக்கரிங் என்ற மொழி அறிஞர், பூர்வகுடி மொழிகளை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறையை வகுத்திருந்தார். மிஷனரிகளில் பலருக்கு அதுதான் பிடித்திருந்தது. படித்தவர் செய்தது, முறையானது, ஆங்கிலம் கற்கவும் படிக்கட்டாக இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

செரோக்கி மக்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ரோமன் எழுத்து ஆங்கிலத்துக்குப் போகும் பாலமாக இருந்தது. செக்வோயாவின் எழுத்து அவர்களை அவர்கள் மொழிக்கே திருப்பிக் கொண்டுவந்தது. வீட்டில் பேசுவதை அப்படியே எழுத முடிந்தபோது, எழுத்தறிவு என்றால் வெள்ளைக்காரன் மாதிரி ஆவது என்ற எண்ணமே உடைந்தது. கடைசியில் மிஷனரிகளே இறங்கிவந்து, பைபிளை இந்த எழுத்தில் அச்சிட்டார்கள்.

அதே எழுத்தை எதிர்த்திசையிலும் மக்கள் பயன்படுத்தினார்கள் என்பதுதான் சுவாரசியம். பாரம்பரிய வைத்தியர்கள், அதுவரை வாய்வழியாக மட்டுமே கடத்திவந்த மந்திரங்களையும் மூலிகை முறைகளையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார்கள். 1880-களில் ஜேம்ஸ் மூனி என்ற ஆய்வாளர் வட கரோலினாவில் அப்படிப்பட்ட ஏடுகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். புது மதமும் பழைய வழிபாடும் ஒரே எழுத்தில் வாழ்ந்தன.

பத்திரிகை வந்தது, நிலம் போனது

1828 பிப்ரவரி 21. இன்றைய ஜார்ஜியாவில் உள்ள நியூ எகோட்டாவில், செரோக்கி தேசத்தின் தலைநகரில், 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் வெளியானது. அமெரிக்கப் பூர்வகுடிகள் நடத்திய முதல் பத்திரிகை அதுதான். ஒரு பத்தி ஆங்கிலம், ஒரு பத்தி செரோக்கி. ஆசிரியர் எலியாஸ் பூடினாட் என்ற செரோக்கி இளைஞர். அச்செழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டு வந்தன.

அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் எழுத்துபூர்வமான அரசியல் சட்டமும் இயற்றியிருந்தார்கள். எழுத்து, பத்திரிகை, சட்டம், நீதிமன்றம்: நாகரிகம் என்று வெள்ளைக்காரர்கள் எதையெல்லாம் பட்டியல் போட்டார்களோ, அத்தனையும் இருந்தது. இனிமேல் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லி நிலத்தைப் பிடுங்க முடியாது என்று பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 1830-ல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அப்போதைய அதிபர், அதே ஆண்ட்ரூ ஜாக்சன். எந்தத் தளபதிக்காகச் செரோக்கி வீரர்கள் சண்டை போட்டார்களோ, அவர்தான். 1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லியும் பயன் இல்லை. 1835-ல் ஜார்ஜியா காவல் படை பத்திரிகையின் அச்சு இயந்திரத்தையே எடுத்துச் சென்றது. 1838-39ல் ஏறத்தாழ 16,000 பேர் படையின் துணையோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குளிரிலும் நோயிலும் 4,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

எழுத்து நிலத்தைக் காப்பாற்றவில்லை. இதை மறைத்துச் சொன்னால் செக்வோயா கதை வெறும் தன்னம்பிக்கைக் கதையாகிவிடும். அடுத்தவர்கள் மதிப்பார்கள் என்பதற்காக ஒரு மொழியை வளர்த்தால், அந்த மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மறுக்கப்படலாம். ஆனால் நிலம் போன பிறகும் அந்த மக்களோடு நடந்து போனவற்றில் எழுத்தும் ஒன்று. போன இடத்தில், இன்றைய ஓக்லஹோமாவில், 1844-ல் மறுபடியும் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். செரோக்கி மொழியிலும் சேர்த்துத்தான்.

கடைசிப் பயணம்

செக்வோயா 1820-களிலேயே மேற்கே போய்விட்டவர். 1828-ல் அர்கன்சா செரோக்கிகளின் பிரதிநிதியாக வாஷிங்டன் போனபோதுதான் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் வரையப்பட்டது. தலையில் தலைப்பாகை, வாயில் புகைக்குழல், கையில் தன் எழுத்துப் பலகை. மூல ஓவியம் 1865 தீ விபத்தில் அழிந்துவிட்டது. அதன் பிரதிகளைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

கண்ணீர்ப் பாதை வழியாகப் புதிதாக வந்தவர்களுக்கும், முன்பே அங்கே குடியேறியிருந்தவர்களுக்கும் இடையே அதிகாரச் சண்டை மூண்டது. கொலை வரை போனது. இரு தரப்பையும் ஒன்றாக்க உழைத்தவர்களில் செக்வோயாவும் ஒருவர். 1839 ஒற்றுமை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

1842-ல், வயது எழுபதை நெருங்கியோ தாண்டியோ இருந்த நிலையில், அவர் மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். முன்பு பிரிந்து அந்தப் பக்கம் போய்விட்ட செரோக்கி குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி சேர்க்க வேண்டும் என்பது நோக்கம். திரும்பி வரவில்லை. 1843-ல் மெக்சிகோ மண்ணில் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எழுத்து இருக்கிறது, பேச ஆள்?

அவருக்குப் பிறகு செரோக்கி மொழிக்கு வந்த பெரிய ஆபத்து துப்பாக்கியால் வந்ததல்ல, பள்ளிக்கூடத்தால் வந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, பூர்வகுடிக் குழந்தைகளை அமெரிக்க அரசு விடுதிப் பள்ளிகளில் சேர்த்தது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. அடி வாங்கி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளாவது அடி வாங்கக் கூடாதே என்று வீட்டில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தார்கள். தப்பு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மூன்று தலைமுறையில் மொழி வீட்டை விட்டு வெளியேறிவிட்டது.

இன்று செரோக்கி தேசத்தின் குடிமக்கள் 4 லட்சத்துக்கும் மேல். சரளமாகப் பேசுபவர்கள் சுமார் 2,000. அவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். 2019-ல் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து தங்கள் மொழிக்கு அவசரநிலையே அறிவித்தன. இன்னொரு பக்கம், குழந்தைகளுக்கு எல்லாப் பாடத்தையும் செரோக்கியிலேயே நடத்தும் பள்ளிகள் இயங்குகின்றன. யூனிகோடில் 1999-லேயே இந்த எழுத்து சேர்ந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளை பாட்டிக்கு அந்த எழுத்தில் மெசேஜ் அனுப்பலாம். பாட்டிக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கீபோர்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலரும் அம்மாவோடு தமிழில் பேசுகிறோம். அதே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புகிறோம். வசதிக்காகத்தான், யாரும் தண்டிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. செக்வோயாவின் மக்களுக்கும் 1820-களில் அந்த வசதியான வழி திறந்தே இருந்தது. அவர்கள் 86 புது உருவங்களை மனப்பாடம் செய்யும் வழியை எடுத்தார்கள். அதனால்தான் இவ்வளவு நடந்த பிறகும், உங்கள் போனில் அவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது.